எண் இல்லாத பெட்டி

டெலிமாவின் வாயில் எந்நேரமும் முள் இருக்கும். நாலைந்து முள்ளம்பன்றி முட்களை, வேர்ப்பக்கம் உள்ளேயும் கூர்முனை வெளியேயுமாக உதட்டில் கவ்விக்கொண்டுதான் அவள் வேலைக்கு உட்காருவாள். முள் ஊறினால்தான் வளையும். வளைந்தால்தான் பிர்ச் மரப் பட்டையில் ஊசியால் குத்திய ஓட்டைக்குள் ஒடியாமல் இறங்கும். ஊரில் மற்றப் பெண்கள் பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்துக்கொள்வார்கள். டெலிமா கிண்ணத்தைத் தொட்டதில்லை. எச்சிலில் ஊறிய முள் மாதிரி வராது என்று சொல்வாள். அது பாதி உண்மை. மீதி உண்மை, வாயில் முள் இருந்தால் யாரும் அவளைப் பேசச் சொல்ல மாட்டார்கள் என்பது.

சொந்தக்காரர்களிடம் அவள் நாக்கு சுருக்சுருக்கென்று தைக்கும். ஆனால் கோட்டுப் போட்ட ஒரு வெளியாள் வாசலில் வந்து நின்றால் போதும், தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோல் ஆகிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. "ம்ம்" என்று முனகி, வாயில் இருக்கும் முள்ளைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். வந்தவர் தானாகப் போய்விடுவார்.

ஹூரான் ஏரித் தீவில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த நீலக் கதவு வீட்டில்தான் அவள் பிறந்தாள். கல்யாண வயசில் ஏரிக்கு அக்கரையில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த கார்ல் என்ற வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு போனாள். நல்ல மனிதன். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான், அவள் சமைத்த சோளக் கஞ்சியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சு வலியில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. டெலிமா ஊசியையும், முட்கள் போட்டு வைத்திருந்த காப்பித்தூள் டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு படகேறினாள். பூட்டிக் கிடந்த நீலக் கதவைத் திறந்து, அப்பா அம்மா இருந்த வீட்டில் அடுப்பு மூட்டினாள்.

அதில்தான் வில்லங்கம்.

கப்பல் திசை தவறி வந்த எவனோ அந்தக் கண்டத்துப் பூர்வகுடி மக்களுக்கு 'இந்தியர்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். அரசாங்கம் அதையே சட்டத்தில் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் கொடுத்திருந்தது. தங்களுக்குள் அவர்கள் சொல்லிக்கொள்ளும் பெயர் அனிஷினாபே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் இருந்த சட்டப்படி, இந்தியப் பெண் வெளியாளைக் கட்டினால் அவள் எண்ணை அடித்துவிடுவார்கள். புருஷன் செத்தாலும் அது திரும்பி வராது. எண் இல்லாதவள் இந்தியருக்கென்று ஒதுக்கிய அந்த மண்ணில் குடியிருக்கக் கூடாது. ஆனால் இந்தியன் ஒருவன் வெளியூர்ப் பெண்ணைக் கட்டினால், கல்யாணம் ஆன மறுநாளே அவளுக்கு எண் வந்துவிடும்.

டெலிமாவின் தம்பி அம்புரோஸ் கட்டியிருந்தது மொரீனை. செம்பட்டை முடி, முகம் முழுக்கப் புள்ளி, வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் இறால் மாதிரி சிவந்துபோகிற அயர்லாந்துக்காரர் வீட்டுப் பெண். சட்டத்தில் அவள் இந்தியர். டெலிமா இந்தியர் இல்லை.

ஊர்க் கவுன்சிலுக்கு அம்புரோஸ்தான் தலைவர். கோயிலுக்கு எதிரே கவுன்சில் நடத்திய கைவேலைக் கடையும் அவன் பொறுப்பில்தான் இருந்தது. அக்கா வந்து குடியேறியதை அவன் எந்தத் தாளிலும் எழுதவில்லை. எழுதாதவரை அவள் அங்கே இல்லை. கவுன்சிலில் எல்லோரும் அப்படியே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

ஸ்ட்ராபெரி பழுக்கிற காலத்தில்தான் பிர்ச் மரம் பட்டையை மனசார விடும். போன வருஷம் அப்படி எடுத்த பட்டையில் டெலிமா ஒரு பெரிய வட்டப் பெட்டி செய்தாள். மூடி முழுக்க ஸ்ட்ராபெரிக் கொடி. பழத்துக்குச் சாயம் ஏற்றிய முள், பூவுக்கு வெள்ளை முள், நிழல் விழும் இடத்துக்கெல்லாம் முள்ளின் இயற்கையான கறுப்பு முனை. விளிம்பைச் சுற்றி வாசனைப் புல்லைக் கறுப்பு நூலால் இறுக்கித் தைத்திருந்தாள். மூடியைத் திறந்தால் வெட்டிய புல்வெளி வாசம் வரும். குளிர்காலம் முழுவதும் அதில்தான் போயிற்று. பனி உருகினதும் கடைக்குக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தாள்.

அம்புரோஸ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இந்தியர் இலாகாவுலேருந்து புதுசா சீட்டு குடுத்திருக்காங்க." ஒரு வட்ட அட்டையைக் காட்டினான். நூல் கோத்த சின்ன அட்டை. 'அசல் இந்தியர் கைவேலை' என்று அச்சடித்து, கீழே பெயருக்கும் எண்ணுக்கும் கோடு போட்டிருந்தது. "இது இல்லாம எதையும் அலமாரியில வெக்கக் கூடாதாம்."

"அப்ப என் பேரை எழுதிக் கட்டு."

"எண்ணு?"

"அதான் இல்லையே. கோட்டைக் காலியா விடு."

கடையில் கூட வேலை செய்யும் ஊர்சுலா, முட்களை அளவு பார்த்துப் பிரித்தபடி அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தாள். "காலியா எதுக்கு விடணும்? நம்ம பிங்கோ ஆட்டத்துல வந்த எண்ணை எழுதிடுங்க. போன வாரம் அவளுக்குத்தான் பரிசு விழுந்துச்சு."

"சும்மா இரு ஊர்சுலா. அக்கா, நான் சொல்றதைக் கேளு. மொரீன் பேரை எழுதிடலாம். அவ எண்ணு சுத்தமா இருக்கு. பெட்டி உன்னுதுன்னு ஊருக்கே தெரியும். என்ன கெட்டுப்போச்சு?"

"மொரீனா? சட்டைப் பித்தானைத் தைக்கச் சொன்னா விரலையும் சேத்துத் தைக்கிறவ பேரு. என் பெட்டிக்கு."

"உன் பேரு சீட்டுல ஏறினா இலாகாக்காரன் கேப்பான், இது யாரு, எண்ணு எங்க, எங்க குடியிருக்கான்னு. கேட்டா நான் சொல்லியாகணும். அப்புறம் வீடு? வாயை மூடிட்டு இருந்தா வீடு இருக்கும் அக்கா. அவ்வளவுதான் என்னால முடியும்."

டெலிமா பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு, "என் பேருல வெச்சா வை. இல்லேன்னா அப்படியே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெட்டியை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை. தம்பி மனசு மாறுவான் என்று நினைத்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, நீலக் கதவு படாரென்று திறந்தது. மொரீன் வந்து நின்றாள். ஓடி வந்திருந்தாள், முகத்துப் புள்ளிகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சிவப்பாகத் தெரிந்தன.

"மதினி, என்னைக் கொன்னுடுங்க."

டெலிமா வாயிலிருந்த முள்ளை எடுத்தாள். "உட்காரு. டீ குடி. அப்புறம் கொல்றேன்."

"உங்க தம்பி அந்த ஸ்ட்ராபெரிப் பெட்டியில என் பேரைக் கட்டி அலமாரியில வெச்சிருக்காரு. எனக்கே இப்பதான் தெரியும். இலாகாவுலேருந்து ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போயி, தலைநகரத்துல கண்காட்சிக்கு அதைத்தான் வேணும்னு சொல்லிட்டாங்களாம். வெள்ளிக்கிழமை வர்றாங்க. பத்திரிகைக்குப் படம் எடுக்கிற ஆளோட. நான் பெட்டி செய்யறதைப் பாக்கணுமாம்!"

டெலிமா கோப்பையை மேஜை மேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், ஆனால் டீ தளும்பிக் கொட்டியது.

"உன் புருஷன் எங்கே?"

"ஏரியில மீன் பிடிக்கிறாராம். உங்க மூஞ்சியில முழிக்கப் பயந்துட்டு காலையிலயே படகை எடுத்துட்டுப் போயிட்டாரு. மதினி, நான் போயி உண்மையைச் சொல்லிடறேன்னு சொன்னேன். சொன்னா உங்களை வீட்டை விட்டுக் கிளப்பிடுவாங்களாம். அப்ப நான் என்ன பண்ணட்டும்? எனக்குக் கத்துக்குடுங்க. ஒரே ஒரு பூ. படம் எடுக்கிற வரைக்கும் கை நடுங்காம இருந்தா போதும்."

டெலிமாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்து அடிக்க அங்கே சரியான ஆள் இல்லை. அம்புரோஸ் ஏரியில் இருந்தான். சட்டம் தலைநகரத்தில் இருந்தது. எதிரே இருந்தது மொரீன் மட்டும்தான். அவளோ நாத்தனார் வைத்த மீன் குழம்பைத் தவிர வேறு எதற்கும் ஆசைப்படாதவள்.

"சரி. இந்த முள்ளை வாயில வை."

துண்டுப் பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்து, டப்பாவைத் திறந்து காட்டினாள். மொரீன் உள்ளே எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் எப்படி எடுக்கிறீங்க? கிட்டப் போனா முள்ளம்பன்றி எய்துடாதா?"

"யாரு சொன்னது? முள்ளம்பன்றி யாரையும் துரத்தாது, கடிக்காது, எய்யாது. நீ கிட்டப் போனா அப்படியே திரும்பி, முதுகைக் காட்டிட்டு நிக்கும். வாலை ஒரு ஆட்டு ஆட்டும். அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச சண்டை. அதுக்கு மேல நீ போய் விழுந்தா அது உன் பாடு. நாம ஒரு பழைய கம்பளியை மேல போட்டு எடுத்தா முள்ளு கம்பளியில ஒட்டிக்கும், அது பாட்டுக்கு நடந்து போயிடும்."

மொரீன் சிரித்துக்கொண்டே முள்ளை எடுத்து வாயில் வைத்தாள். வைத்த மறு நொடி, "ஆ" என்றாள். கூர்முனையை உள்ளே வைத்துவிட்டாள். பதற்றத்தில் உதட்டை வேறு கடித்தாள். முள் கீழுதட்டின் உள்பக்கத்தில் ஏறி நின்றது.

"இழுக்காதே! இழுத்தா வராது. அது முனையில கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்கு, பின்பக்கமா. உள்ள போகத்தான் அதுக்குத் தெரியும். பேசாம இரு. ஐயோ, பேசாதேன்னு சொல்றேன்ல, பேசப் பேச அது நடக்கும்!"

"மதி... ம்ம்... ம்ம்!"

டெலிமா குறடை எடுத்து வந்தாள். கார்லின் குறடு. மொரீனின் தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரே இழுப்பில் பிடுங்கினாள். மொரீன் போட்ட சத்தத்தில் கோயில் கூரைப் புறாக்கள் கிளம்பின. பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மொரீனின் உதடு ஸ்ட்ராபெரி மாதிரியே வீங்கிக்கொண்டிருந்தது. முதலில் டெலிமா சிரித்தாள். அப்புறம் மொரீன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேஜை மேல் சாய்ந்தாள்.

"அரசாங்கமே எழுதிக் குடுத்த இந்தியர்!" என்றாள் டெலிமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. சொல்லி முடிக்கும்போது சிரிப்பு போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை. கடையில் நடு மேஜையைத் துடைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, நடுவில் ஸ்ட்ராபெரிப் பெட்டியை வைத்திருந்தார்கள். அதன் பக்கவாட்டில் நூலில் தொங்கியது வட்டச் சீட்டு. மொரீனின் பெயர், மொரீனின் எண். அம்புரோஸ் முடியைத் தண்ணீர் தொட்டு வாரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "நீ ஓரமா உட்காரு. உதவிக்கு வந்தவன்னு சொல்லிக்கலாம். வாயில முள்ளை வெச்சுக்க. யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றான்.

டெலிமா மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். முட்களை உதட்டில் கவ்விக்கொண்டாள். அங்கே அவள் வந்ததே தன் பெட்டியைக் கடைசியாக ஒருமுறை பார்க்கத்தான். வாயைத் திறப்பதாக அவளுக்கு எண்ணம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு இருக்கும் என்று தம்பி சொன்னது அவளுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. அந்த வீட்டு ஜன்னலில் காலை வெயில் விழும் இடம், அம்மா சுவரில் அடித்து வைத்த கொக்கி, குளிரில் முனகுகிற மாடிப்படி, எல்லாமே அவளுக்கு வேண்டும்.

இலாகா அதிகாரியின் பெயர் ஃபென்விக். இளைஞர். மரியாதையானவர். உள்ளே வந்ததும் தொப்பியை எடுத்துவிட்டு எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். மொரீனைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினார். செம்பட்டை முடியைப் பார்த்தார், வீங்கிய உதட்டைப் பார்த்தார், பிறகு சீட்டில் இருந்த எண்ணைத் தன் கையிலிருந்த தாளோடு வைத்துப் பார்த்தார். எண் சரியாக இருந்தது. அவர் முகமும் சரியாகிவிட்டது.

"அருமையான வேலைம்மா. தலைமுறை தலைமுறையா உங்க குடும்பத்துல செய்யறதா?"

"எங்கப்பா உருளைக்கிழங்கு விவசாயி" என்றாள் மொரீன்.

கதவோரம் நின்ற ஊர்சுலாவுக்கு இருமல் வந்தது. அம்புரோஸ் அவளை முறைத்தான்.

படம் எடுக்கிறவன் அவசரக்காரன். வெளிச்சம் போய்விடும் என்று ஜன்னலைக் காட்டினான். துண்டுப் பட்டையை எடுத்து மொரீன் கையில் கொடுத்தார்கள். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "இது படத்துல ஒண்ணுமே தெரியாது. அந்தப் பெரிய மூடியையே எடுங்க. அதுல கடைசி முள்ளைக் குத்துற மாதிரி எடுப்போம். அந்தப் பெரியம்மா கொஞ்சம் தள்ளி உட்காரட்டும், அவங்க நிழல் விழுது."

பெரியம்மா தள்ளி உட்கார்ந்தாள்.

மொரீனின் கையில் ஊசியைக் கொடுத்தார்கள். மூடியை அவள் மடியில் வைத்தார்கள். "சும்மா வைக்கிற மாதிரி பண்ணா நல்லா இருக்காதும்மா. நிஜமாவே ஒண்ணு குத்துங்க" என்றான் படக்காரன். மொரீன் நிமிர்ந்து மூலையைப் பார்த்தாள். அந்தப் பார்வை மன்னிப்பும் கேட்டது, உதவியும் கேட்டது. ஊசி முனை மூடியின் நடுவில் இருந்த வெள்ளைப் பூவின் மேல் ஆடிக்கொண்டே இறங்கியது.

அந்தப் பூவுக்கு ஏற்ற முள் கிடைக்காமல் டெலிமா பிப்ரவரி முழுக்கக் காத்திருந்தாள். வயிற்றோரத்து மெல்லிய முள்தான் வேண்டும். அத்தனையும் ஒரே நீளம்.

டெலிமா எழுந்தாள். மேஜைக்கு வந்தாள். வாயிலிருந்து ஒரு முள்ளை எடுத்து வெள்ளைத் துணி மேல் வைத்தாள். இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். கடைசி முள்ளையும் வைத்த பிறகு, தொண்டைக்குள் வழக்கமாகச் சாத்திக்கொள்ளும் கதவு சாத்தப் பார்த்தது. அவள் காலை வைத்துத் தடுத்தாள்.

"ஊசியை எடு மொரீன்" என்றாள். "அது என் பெட்டி."

"அக்கா" என்றான் அம்புரோஸ், தாழ்ந்த குரலில்.

ஃபென்விக் தொப்பியைக் கை மாற்றினார். "மன்னிக்கணும். இதைச் செஞ்சது..."

"நான்."

"உங்க எண் என்னம்மா?"

"எண் இல்ல. இருந்துச்சு. வெள்ளைக்காரனைக் கட்டினேன், நீங்க அடிச்சிட்டீங்க. இவ என் தம்பியைக் கட்டினா, நீங்க எழுதிக்கிட்டீங்க. இவ நல்லவ, இவ மேல எனக்கு ஒரு குத்தமும் இல்ல. ஆனா முள்ளுல எந்தப் பக்கம் குத்தும்னு இவளுக்குத் தெரிஞ்சதே செவ்வாய்க்கிழமைதான்."

"ஆமாங்க" என்றாள் மொரீன், உதட்டைத் தொட்டுக் காட்டி. "இங்கதான் குத்துச்சு."

ஃபென்விக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவர் வேலைக்கு அவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"நீங்க இப்ப எங்க குடியிருக்கீங்கம்மா?"

அம்புரோஸ் அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று அக்காவுக்குத் தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று. அக்கரையில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"இங்கதான்" என்றாள் டெலிமா. "நான் பொறந்த வீட்டுல. மாதா கோயிலைச் சுத்திப் பின்பக்கம் போங்க, நீலக் கதவு. தாழ்ப்பாள் இறுகியிருக்கும், கொஞ்சம் தூக்கித் தள்ளணும். எழுதிக்குங்க. கதவு நீலம்னும் எழுதிக்குங்க. அப்புறம் வீடு தெரியலைன்னு யாரும் சொல்லக் கூடாது."

அவர் எழுதவில்லை. பேனா கையிலேயே இருந்தது.

டெலிமா மொரீனின் மடியிலிருந்து மூடியை எடுத்துப் பெட்டியில் பொருத்தினாள். பிறகு குனிந்து, சீட்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்த வட்ட அட்டையை ஃபென்விக்கின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உங்களோடது."

"அம்மா, இந்தப் பெட்டி கண்காட்சிக்குன்னு இலாகா எடுத்தாச்சு. இனிமே..."

"நீங்க எடுத்தது இந்தியர் செஞ்ச பெட்டி. உங்க சட்டப்படி இது அது இல்லையே. பிறகு உங்களுக்கு எதுக்கு?"

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப் போகிறவள் மாதிரி வெளியே நடந்தாள். கதவைத் தாண்டுகையில் ஊர்சுலா ஒதுங்கி வழிவிட்டாள். "இத்தனை வருஷமா வெளியாள் முன்னால இவளுக்கு நாக்கே கிடையாதுன்னு நெனச்சிட்டிருந்தேனே" என்று யாரிடமோ சொல்வது டெலிமாவுக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அடுப்பு ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அம்புரோஸ் வந்து கத்தினான். ஊரைக் கேட்காமல், தலைவரைக் கேட்காமல் இப்படிச் செய்யலாமா என்றான். அவள் வெள்ளை மீனை வறுத்து அவன் முன்னால் வைத்தாள். கத்திக்கொண்டே தின்றான். தின்று முடித்ததும், "இனிமே என்னால எதையும் மறைக்க முடியாது" என்றான்.

"மறைச்சதே தப்பு. நான் என்ன திருட்டுத்தனமா சுட்டு ஒளிச்சு வெச்ச மானா?"

வீட்டைப் பற்றிய கடிதம் வர ஆகஸ்ட் ஆயிற்று. அம்புரோஸ்தான் அதைக் கொண்டுவந்தான். படியேறும்போதே அவன் நடை மாறியிருந்தது. வாசலில் மொரீன் ஒரு மடக்கு நாற்காலி போட்டு, பெரிய தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடிதம் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் பகலெல்லாம் அங்கேதான். கூடையில் பொரித்த ரொட்டியும் பாட்டிலில் டீயும் இருந்தன.

"நகரு" என்றான் அம்புரோஸ்.

"நகர மாட்டேன். எனக்கு எண்ணு இருக்கு. இந்த மண்ணுல எங்க வேணும்னாலும் உட்காரலாம், சட்டமே சொல்லுது. மதினியைக் கிளப்ப யாரு வந்தாலும் என்னைத் தாண்டித்தான் உள்ள போகணும். நீங்க தலைவரா வந்திருக்கீங்களா, தம்பியா வந்திருக்கீங்களா? அதை முதல்ல சொல்லுங்க."

பக்கவாட்டில் காலை வைத்து அவளைத் தாண்டி உள்ளே போனான். டெலிமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் வட்டமாக வெட்டிய புதுப் பட்டை, அந்த வருஷத்துப் பட்டை, தேன் நிறத்தில் கிடந்தது.

"முப்பது நாள்ல காலி பண்ணணும்னு போட்டிருக்கு" என்றான். "இலாகா சொல்லிச்சு, கவுன்சில் ஓட்டுப் போட்டுச்சு. நான் வேண்டாம்னுதான் போட்டேன். ஆனா தலைவர்னு கையெழுத்து என்னுதுதான் அக்கா."

டெலிமா கடிதத்தை வாங்கினாள். முழுவதும் படித்தாள். பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். பல வருஷத்துக்குப் பிறகு அரசாங்கத் தாளில் தன் பெயரை அவள் அன்றுதான் பார்த்தாள். தாளை விரலால் தடவிப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"நல்ல கெட்டித் தாள்" என்றாள். "சுருங்காது. நானும் ஒரு வாரமா இந்த மாதிரி ஒண்ணு தேடிட்டிருந்தேன். அந்தக் கத்திரியை எடு."

"எதுக்கு?"

"மூடிக்கு அச்சு வெட்டணும். இப்படி நடுவுல மடி. அந்த முனையை அழுத்திப் பிடி. நல்லாப் பிடிடா."

"அக்கா, அது கவுன்சில் கடுதாசி."

"படிச்சிட்டேன்ல. அது வேலை முடிஞ்சுது. இனிமே என் வேலைக்கு ஆகட்டும்."

அம்புரோஸ் ஜன்னலைப் பார்த்தான். வெளியே மொரீனின் தொப்பி தெரிந்தது. பிறகு, தலைவரின் கையெழுத்து இருந்த மூலையைத் தம்பியின் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான். கத்திரி மடிப்போரமாக ஏறி, வளைந்து, இறங்கியது. அவள் தாளை விரித்துப் பட்டை மேல் வைத்தாள்.

அவன் குனிந்து பார்த்தான். அகலமான இடுப்பு. இரண்டு பக்கமும் சின்னக் கால்கள். நடுவில் தூக்கிய வால். தலையே தெரியவில்லை. ஒரு முள்ளம்பன்றி, பார்க்கிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இலாகாவில் யாருக்காவது காட்டினால் என்ன அழகான மிருகம் என்பார்கள். அந்தத் தீவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

அவன் சிரிக்கக் கூடாது என்று பார்த்தான். முடியவில்லை. மூக்கு வழியாக வெடித்துக்கொண்டு வந்தது.

"இதுல என்ன சீட்டுக் கட்டுவே?" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒண்ணும் கட்ட மாட்டேன். மூடியில பேரை முள்ளுலயே குத்தப் போறேன், வாலுக்குக் கீழ. ஜன்னல்ல வெப்பேன், பாதையைப் பாத்து. வர்றவங்க எல்லாரும் பாத்துட்டு வரட்டும்."

"முப்பது நாள் கழிச்சு வருவாங்க அக்கா. போலீஸோட."

"இந்த மூடி முடிய மார்ச் ஆகும். அதுவரைக்கும் எனக்கு எங்கயும் போக நேரம் இல்ல. தூக்கிட்டுத்தான் போகணும்னா தூக்கட்டும். நாற்காலியோட தூக்கட்டும்."

அம்புரோஸ் கத்திரியை மேஜை மேல் வைத்தான். பிறகு வெளியே போனான். அவன் வீட்டுக்குப் போகிற காலடிச் சத்தம் கேட்கும் என்று டெலிமா காத்திருந்தாள். அது கேட்கவில்லை. படிக்கட்டு கிரீச்சிட்டது. "தள்ளி உட்காரு" என்று அவன் மொரீனிடம் சொல்வது கேட்டது. "அந்த ரொட்டியில ஒண்ணு குடு."

டெலிமா டப்பாவைத் திறந்தாள். முதுகின் தடித்த முட்களாக, கறுப்பு முனை நீளமாக இருப்பதாகப் பார்த்துப் பொறுக்கினாள். நாற்காலியை நகர்த்தி, பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிறகு முட்களை வாயில் வைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள்.